மீண்டு வருபவர்களும் நம் பள்ளியும்

மருத்துவமனைச் சீட்டில் ‘குடிநோய்’ என்று எழுதுகிறார்கள். தெருவில் அதே மனிதருக்குக் ‘குடிகாரன்’ என்று பெயர். அவர் சிகிச்சைக்குப் போய், சில வாரங்கள் தங்கி, முகம் தெளிந்து திரும்பி வந்தாலும் தெரு கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை நாளைக்கு?” என்பதுதான். பள்ளியிலும் இந்தக் கேள்வி கேட்கும். “அந்தப் பையனோட அப்பா மறுபடியும் ஆரம்பிச்சுட்டாராமே” என்று ஒருவர் சொல்வதும், “எனக்கு அப்பவே தெரியும்” என்று இன்னொருவர் முடிப்பதும் ஆசிரியர் அறைக்குப் புதிதல்ல.

கேள்வி நியாயமானதுதான். உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதையேதான் கேட்டு வருகிறார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைத்த விடை நாம் பொதுவாக நினைப்பதிலிருந்து வேறுபட்டது. ஒருவர் மீள்வாரா என்பதை அவருடைய மன உறுதி மட்டுமோ மருந்து மட்டுமோ தீர்மானிப்பதில்லை. சிகிச்சை முடிந்து அவர் எந்தச் சூழலுக்குத் திரும்புகிறார், அங்கே யார் இருக்கிறார்கள் என்பதற்கும் அதில் பெரும் பங்கு உண்டு. அவருடைய பிள்ளை நம் பள்ளியில் படிக்கிறது என்றால், அந்தச் சூழலில் நாமும் ஒரு பகுதி.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வின் முடிவுகள் 2019-ல் வெளியாயின. 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 14.6 விழுக்காட்டினர் மது அருந்துவதாகவும், அவர்களில் சுமார் 5.7 கோடிப் பேருக்கு மதுவினால் வந்த பாதிப்புக்கு உதவி தேவைப்படுவதாகவும் அது கூறியது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். மீதி 37 பேரும் யாரோ ஒருவருக்குக் கணவர், யாரோ ஒருவருக்குத் தந்தை.

வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள்

1971-ல் அமெரிக்கா ஒரு பெரும் அச்சத்தில் இருந்தது. வியட்நாமில் போரிட்டுக்கொண்டிருந்த தன் வீரர்களிடையே ஹெராயின் பரவலாகப் புழங்குவது தெரியவந்திருந்தது. அங்கே ஹெராயின் மலிவு, கலப்படமற்றது, கேட்ட இடத்தில் கிடைக்கும். ஆயிரக்கணக்கான போதை அடிமைகள் ஊர் திரும்பி நகரங்களை நிறைத்துவிடுவார்கள் என்று அரசு அஞ்சியது. ஹெராயினுக்கு அடிமையானவர் மீளவே மாட்டார் என்பதுதான் அன்றைய மருத்துவ உலகின் பொது நம்பிக்கை. கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் இருந்த அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் வெளியே வந்ததும் பழையபடி ஆனது அந்த நம்பிக்கையை உறுதி செய்திருந்தது.

வீரர்களுக்கு விமானம் ஏறும் முன் சிறுநீர்ப் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது. தேறாதவர்களை நிறுத்திவைத்து, போதை உடலை விட்டு இறங்கிய பிறகே அனுப்பினார்கள். திரும்பியவர்களின் கதியை ஆராயும் பொறுப்பு செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லீ ராபின்ஸிடம் தரப்பட்டது. அவருடைய குழு, 1971 செப்டம்பரில் நாடு திரும்பியவர்களில் சுமார் 900 பேரைத் தேடிப் பிடித்து நேரில் பேசியது. ஏறத்தாழப் பாதிப் பேர் வியட்நாமில் அபினோ ஹெராயினோ பயன்படுத்திப் பார்த்திருந்தார்கள். ஐந்தில் ஒருவர் அங்கே தாம் அடிமையாக இருந்ததாகவே சொன்னார். ஆனால் அப்படி அடிமையாக இருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் 5 விழுக்காடு மட்டுமே. மூன்று ஆண்டுகளைக் கணக்கில் எடுத்தாலும் 12 விழுக்காட்டைத் தாண்டவில்லை.

யாரும் எளிதில் நம்பவில்லை. இது தற்செயலா, இயல்பாக எதிர்பார்க்க வேண்டியதா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 1993-ல்கூட ராபின்ஸ் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. இந்த ஆய்வை அளவுக்கு மீறி நீட்டவும் கூடாது. அந்த வீரர்களில் பெரும்பாலோர் ஹெராயினை ஊசியாக ஏற்றாமல் புகைத்தவர்கள். ஊரில் அதன் விலையும் ஆபத்தும் பல மடங்கு அதிகம். போருக்கு முன்பே சிக்கல்களோடு வாழ்ந்தவர்கள் மற்றவர்களைவிடச் சிரமப்பட்டார்கள். இவ்வளவையும் கழித்த பிறகும் ஒரு செய்தி மிஞ்சுகிறது. விமானம் ஏறிய சிப்பாய், தான் போதைக்குப் பழகிய இடத்தை முழுவதுமாக விட்டுவிட்டு வந்தார். நம் ஊர்த் தந்தையின் நிலை இதற்கு நேர்மாறு. அவர் சிகிச்சைக்காக வெளியே போய்விட்டு, பழகிய அதே இடத்துக்குத் திரும்புகிறார்.

பாவ்லவின் நாயும் சம்பள நாளும்

ஏன் இடம் இவ்வளவு முக்கியமாகிறது என்பதைப் புரிந்துகொள்ள நமக்குப் புதிய பாடம் எதுவும் தேவையில்லை. பி.எட். படிப்பில் பாவ்லவைப் படித்திருக்கிறோம். மணியோசையும் உணவும் பலமுறை சேர்ந்து வந்தபின், மணியோசை மட்டுமே நாயின் வாயில் எச்சில் ஊறச் செய்தது. குடிநோயாளியின் மூளையும் அப்படித்தான் பல மணிகளுக்குப் பழகியிருக்கிறது. வேலை முடியும் அந்தி நேரம், சம்பள நாள், கடை இருக்கும் திருப்பம், நண்பனின் விசில், கல்யாண வீட்டின் பின்கட்டு, மனைவியோடு வாக்குவாதம் முடிந்த அரைமணி நேரம் எனப் பட்டியல் நீளும். குடி நின்று மாதங்கள் ஆன பிறகும் இவற்றில் ஒன்று எதிர்ப்பட்டால் வேட்கை கிளம்புகிறது. மருத்துவமனையில் இந்த மணிகள் ஒலிப்பதில்லை. அதனால் அங்கே அவர் நன்றாக இருக்கிறார். வீட்டுக்கு வந்த அன்று மாலையே எல்லாம் சேர்ந்து ஒலிக்கின்றன.

பழைய மணிகள் உடனே அழிவதில்லை. அவற்றோடு போட்டியிடப் புதிய பழக்கங்களும் புதிய உறவுகளும் வேண்டும். அமெரிக்கத் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்தில் மார்கோ வென்னிரோவும் யாவின் ஷாஹமும் 2018-ல் வெளியிட்ட எலி ஆய்வு இங்கே பொருந்தும். போதைக்குப் பழகிய எலிகளுக்கு இரண்டு விசைகள் தரப்பட்டன. ஒன்றை அழுத்தினால் போதை மருந்து. மற்றொன்றை அழுத்தினால் கதவு திறந்து இன்னொரு எலியோடு சேரலாம். எலிகள் பெரும்பாலும் கூட்டாளியையே தேர்ந்தெடுத்தன. கதவு திறக்கத் தாமதமானபோதோ, கூட்டாளியைத் தேடியதற்குத் தண்டனை கிடைத்தபோதோ மட்டும் மறுபடி போதையின் பக்கம் சாய்ந்தன. எலியை மனிதனோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் ‘தாமதம்’, ‘தண்டனை’ என்ற இரண்டு சொற்களையும், திருந்தி வந்தவரைத் தெரு நடத்தும் விதத்தோடு சேர்த்து ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

சறுக்கினால் தோல்வியா?

2000-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் தாமஸ் மெக்லெல்லனும் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். போதைச் சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டுக்குள் மீண்டும் பயன்படுத்துவோர் 40 முதல் 60 விழுக்காடு. கேட்டால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் உயர் ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகளில் மருந்தையும் கட்டுப்பாட்டையும் கைவிட்டு மறுபடி நோய் முற்றி வருவோர் 50 முதல் 70 விழுக்காடு வரை இருப்பதை அவர்கள் அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். மாத்திரையை நிறுத்தியதும் ரத்த அழுத்தம் ஏறினால், “பார்த்தாயா, மாத்திரை வேலை செய்தது” என்கிறோம். சிகிச்சையை நிறுத்தியதும் குடி திரும்பினால், “பார்த்தாயா, சிகிச்சை வீண்” என்கிறோம். ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு தீர்ப்புகள்.

மீட்சி என்ற சொல்லையே ஆய்வுலகம் இப்போது விரிவாகப் பொருள் கொள்கிறது. மனநலம் பாதிக்கப்பட்டு மீண்டவர்களைப் பற்றிய 97 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து 2011-ல் லண்டன் ஆய்வாளர்கள் பார்த்தபோது, மீண்டவர்கள் திரும்பத் திரும்பக் குறிப்பிட்டவை ஐந்து: பிறரோடு பிணைப்பு, எதிர்காலத்தில் நம்பிக்கை, நோயாளி என்பதைத் தாண்டிய ஓர் அடையாளம், வாழ்க்கைக்கு ஒரு பொருள், தன் வாழ்வைத் தானே நடத்தும் வலு. நோய்க்குறி நீங்குவது மட்டும் மீட்சியாகிவிடவில்லை. ‘ஏழாம் வகுப்பு மாணவியின் அப்பா’ என்பதும் ஓர் அடையாளம்தான். பெற்றோர் கூட்டத்துக்கு அழைப்பு எழுதும்போது அந்த அடையாளத்தை அவருக்குத் திருப்பித் தர நம்மால் முடியும். பல பள்ளிகளில் அம்மாவை மட்டும் வரச் சொல்லிவிடுகிறோம். நோக்கம் நல்லதுதான், விளைவு அப்படியில்லை.

மஞ்சக்குடியும் கோவாவும்

சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தை, ‘டி.டி.கே. மருத்துவமனை’ என்று சொன்னால் பலருக்கும் தெரியும். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அந்த நிறுவனம் செய்தவற்றில் ஆசிரியர்கள் அறிய வேண்டியது, இன்றைய திருவாரூர் மாவட்டத்தின் மஞ்சக்குடியில் நடத்திய கிராம முகாம். நோயாளிகளை நகரத்துக்கு அழைத்துப் போகாமல், கிராமத்திலேயே சுமார் பதினைந்து நாள் தங்கவைத்துச் சிகிச்சை அளித்தார்கள். குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு. ஊரார் அதில் பங்கேற்றார்கள். இதன் பயன் செலவுக் குறைப்போடு நிற்கவில்லை என்பது என் கருத்து. ஒருவர் மீள்வதை ஊரே பார்த்திருந்தால், ‘எத்தனை நாளைக்கு’ என்று கேட்கும் ஊராக அது இருப்பது கடினம்.

மனநல மருத்துவர்கள் குறைவாக உள்ள நாட்டில் யார் உதவுவது என்ற கேள்விக்கு கோவாவில் ஒரு விடை கிடைத்தது. விக்ரம் படேல், அபிஜித் நட்கர்ணி ஆகியோரின் குழு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதிகமாகக் குடித்து வந்த 377 ஆண்களை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. மற்றொன்றுக்கு அதனுடன் நான்கு அமர்வுகள் வரை ஆலோசனை. ஆலோசனை சொன்னவர்கள் மருத்துவப் படிப்பு இல்லாத, பயிற்சி மட்டுமே பெற்ற உள்ளூர்க்காரர்கள். 2017-ல் வெளியான முடிவுகளின்படி, ஓராண்டுக்குப் பின் குடியின் பாதிப்பிலிருந்து மீண்டிருந்தவர்கள் ஆலோசனைப் பிரிவில் 54 விழுக்காடு. மற்றதில் 32 விழுக்காடு. சக நோயாளிகள் கூடிப் பேசும் ஏ.ஏ. கூட்டங்களைப் பற்றியும் ஐயம் இருந்து வந்தது. 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளியான கோக்ரேன் மதிப்பாய்வு, முழுமையாகக் குடியை விட்டிருப்பதில் அந்த வழி பிற சிகிச்சைகளுக்குக் குறைந்ததல்ல, பல நேரம் மேல் என்றது.

தந்தையிடம் எப்படிப் பேசுவது

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பேச்சுதான் நம் தொழில். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1993-ல் தம் சகாக்களுடன் வெளியிட்ட ஆய்வில், குடிப்பவர்களோடு ஆலோசகர்கள் பேசியதைப் பதிவு செய்து அலசினார். ஆலோசகர் எந்த அளவுக்குக் குற்றம் சுமத்தி வாதாடினாரோ, அந்த அளவுக்கு அவரிடம் வந்தவர் ஓராண்டுக்குப் பின் அதிகம் குடித்துக்கொண்டிருந்தார். “நீ மாற வேண்டும்” என்று நாம் சொன்னால், “ஏன் மாற முடியாது” என்பதற்கான காரணங்களை அவர் சொல்லத் தொடங்குகிறார். சொல்லச் சொல்ல, அவரே அதை நம்பவும் தொடங்குகிறார். அதனால் மாற்றத்துக்கான காரணத்தை அவர் வாயிலிருந்தே வரவழைக்கும் உரையாடல் முறையை மில்லர் 1983 முதலே உருவாக்கி வந்தார். இன்று போதைச் சிகிச்சையில் அதிகம் பயன்படும் முறைகளில் அது ஒன்று.

நம் மொழியில் இது இப்படி இருக்கும். “உங்களால பொண்ணு படிப்பே கெட்டுப் போகுது, கொஞ்சமாவது பொறுப்பு வேணாமா?” என்று கேட்டால், அவர் தலையைக் குனிந்துகொண்டு போவார்; அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். “கணக்குல உங்க பொண்ணு நல்லா வருதுங்க. அவ என்னவா வரணும்னு நீங்க நினைக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால், அவர் பேசுவார். பேச்சு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஆனால் குடியைப் பற்றி அவரே எடுத்தால், அது நாம் எடுத்ததைவிட நூறு மடங்கு மேல்.

ஓர் எச்சரிக்கை. “நாளையிலிருந்து ஒரு சொட்டு தொடக்கூடாது” என்று சத்தியம் வாங்குவது நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் பல ஆண்டுகள் தினமும் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவ உதவி இல்லாமல் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தக் குழப்பமும் வரலாம்; உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். சத்தியத்துக்குப் பதில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வழி சொல்லுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மது, போதைப்பொருள் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் சிகிச்சை கேட்பது அவருடைய உரிமை.

வகுப்பறையில் என்ன செய்வது

பயமுறுத்தும் பாடம் பலன் தராது என்பது நன்கு சோதிக்கப்பட்ட முடிவு. 1983-ல் லாஸ் ஏஞ்சலிஸில், காவலர்கள் பள்ளிக்கு வந்து போதையின் தீமைகளைச் சொல்லும் ‘டேர்’ திட்டம் தொடங்கி நாடெங்கும் பரவியது. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது, அந்தப் பாடம் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் போதைப் பழக்கத்தில் வேறுபாடு இல்லை. அதே காலத்தில் பால்டிமோர் நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு அறிமுகமானது. வகுப்பு சில குழுக்களாகப் பிரியும். குறித்த நேரத்துக்குள் ஒழுங்கு மீறல் குறைவாக உள்ள குழுக்களுக்கெல்லாம் சிறு பரிசு. அதில் போதை என்ற சொல்லே கிடையாது. அந்தப் பிள்ளைகள் 19-21 வயதை எட்டியபோது, விளையாடிய ஆண்களிடையே போதைச் சிக்கல் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதியாக இருந்தது. தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் ‘இது எங்களுக்கு இல்லை’ என்று இந்தக் கட்டுரையைக் கடந்து போக முடியாது.

பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வு நமக்குக் கொஞ்சம் கசக்கும். ஒரே மனநலத் திட்டத்தைச் சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆலோசகர்களும் சில பள்ளிகளில் ஆசிரியர்களும் நடத்தினார்கள். ஆலோசகர்கள் நடத்திய பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது. மனச்சோர்வும் சீண்டலும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பாடமும் பதிவேடுமாக நம் நாள் எப்படிப் போகிறது என்பது நமக்குத் தெரியும். மதிப்பெண் போடும் கையிடம் பிள்ளைகள் மனம் திறப்பதும் எளிதல்ல. ஆலோசகர் பணியை ஆசிரியரின் முதுகில் கூடுதலாக ஏற்றிவிட்டால் அது நடக்காது என்பதற்கு இந்த ஆய்வை நாம் தாராளமாகச் சான்று காட்டலாம்.

அப்படியானால் ஆசிரியருக்கு இதில் இடமே இல்லையா? ஹவாயின் கவாய்த் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 49 பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிநோயாளி. பதினெட்டு வயதில் இவர்களில் 59 விழுக்காட்டினர் பெரிய சிக்கல் எதுவுமின்றி வளர்ந்திருந்தார்கள். ‘குடிகாரன் பிள்ளை அப்படித்தான்’ என்ற பேச்சு பாதிக்கு மேல் பொய். தேறிய பிள்ளைகளின் வாழ்வில், தம்மை நம்பிய ஒரு பெரியவராவது இருந்தார். வீட்டுக்கு வெளியே அப்படி அமைந்தவர்களில் ஆசிரியர்கள் அடிக்கடி இடம்பெற்றார்கள். அந்த ஆசிரியர்கள் ஆலோசனை அமர்வு நடத்தியவர்கள் இல்லை; பாடம் நடத்திக்கொண்டே ஒரு பிள்ளையைக் கவனித்தவர்கள்.

அந்தக் கவனிப்பு சின்னச் சின்ன விஷயங்களில் இருக்கிறது. இரவெல்லாம் தூங்காமல் வந்த பிள்ளை முதல் பாடவேளையில் கண்ணயர்ந்தால் காரணத்தை வகுப்பின் நடுவில் கேட்காமல் இருப்பது. வீட்டுப்பாடத்தை இடைவேளையில் முடிக்க இடம் தருவது. தந்தையின் கையெழுத்து வாங்கி வரச் சொல்லும் முன் ஒரு கணம் யோசிப்பது. பிள்ளை தானாகப் பேச வந்தால் மூன்று செய்திகளைச் சொல்லலாம். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான குழுக்களில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருபவை இவை. அப்பா குடிப்பதற்கு நீ காரணம் இல்லை. அதை உன்னால் கட்டுப்படுத்த முடியாது. அவரைக் குணமாக்குவது உன் வேலையும் இல்லை. பாட்டிலை ஒளித்துவைத்தும், நல்ல மதிப்பெண் வாங்கினால் அப்பா நிறுத்திவிடுவார் என்று எண்ணிப் படித்தும் களைத்துப்போன பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த மூன்றும் பெரிய செய்தி.

பிள்ளைக்கு அடி உதையோ வேறு ஆபத்தோ இருப்பது தெரிந்தால் தலைமை ஆசிரியர் வழியாகக் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அன்றே அழைக்க வேண்டும், காத்திருக்கக் கூடாது. மனநல ஆலோசனைக்கு 2022 முதல் இயங்கும் டெலி-மானஸ் எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. போதை மீட்பு உதவிக்கான தேசிய எண் 14446. தலைமை ஆசிரியர் அறைச் சுவரில் இவை ஏற்கெனவே இருக்கலாம். சத்துணவுக் கூடத்தின் அருகிலும், பெற்றோர் காத்திருக்கும் வராந்தாவிலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அங்கே நிற்பவர் யாரையும் கேட்காமல் குறித்துக்கொண்டு போகலாம்.